ஒளிக்கும் திறன் போகிறது, பழக்கம் நிற்கிறது

அப்பாவின் போன் மெதுவாக ஓடுகிறதே என்று மகள் வாங்கிப் பார்க்கிறாள். பிரவுசரைத் திறந்தால் வரிசையாக ஆபாசத் தளங்கள். நேற்று ராத்திரி இரண்டு மணி, முந்தாநாள் இரண்டரை. அப்பாவுக்கு 72 வயது. அடுத்த அறையில் பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள்.

எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. யாரும் வெளியே சொல்வதில்லை. ‘இந்த வயசில் இப்படியா’ என்றுதான் முதலில் மனம் கேட்கும். ஆனால் பெரும்பாலும் இது இந்த வயதில் தொடங்கியிருக்காது. இருபதுகளில் தலையணைக்கு அடியில் ஒளித்த பத்திரிகை, அப்புறம் வீடியோ கேசட், அப்புறம் சிடி, ஐம்பது தாண்டியதும் இணையம், இப்போது கைக்குள் போன். ஐம்பது வருடப் பழக்கம் ஒன்று மூளையில் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தக் குடும்பம் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் கொஞ்சம் தெளிவாகும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் துடித்தன. சாறு வரப்போகிறது என்று காட்டும் ஓர் அடையாளத்தைக் குரங்கு பழகியதும், அடையாளத்தைக் கண்டவுடனே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதே துறையில் இன்னொன்றைப் பிரித்துக் காட்டினார்: ஒன்றை வேண்டுவதும் அதை ரசிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள். வேண்டுதல் வளர்ந்துகொண்டே போகலாம், ரசனை அப்படியே நிற்கலாம், தேயவும் செய்யலாம். நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, வீடு உறங்குகிறது, பக்கத்தில் போன். அந்த முதியவருக்கு இவைதான் அடையாளம். பார்த்து முடித்ததும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனாலும் மறுநாள் இரண்டு மணிக்குக் கை அங்கேயே போகிறது.

பல வருடம் திரும்பத் திரும்பச் செய்யும் காரியம் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. அது யோசித்து முடிவெடுக்கும் இடம் கிடையாது. அதன் பிடிவாதத்தைக் காட்டும் ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. நோய்த் தொற்றால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனை அறவே இழந்த ஒருவரிடம் எட்டு ஜோடிப் பொருள்களைக் காட்டி, ஒவ்வொரு ஜோடியிலும் சரியானதை எடுக்கப் பழக்கினார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அது என்ன சோதனை என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் பழகியபின் கை மட்டும் சரியான பொருளை எடுத்தது. பழக்கம் இருக்க ஞாபகம் தேவையில்லை. மறதி நோய் வந்தவர்களிடமும் பழைய பழக்கங்கள் வெகுகாலம் நிற்பது இதனால்தான்.

இதற்கு எதிராக நிற்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. ‘இப்போது வேண்டாம், யாராவது வருவார்கள்’ என்று தடுப்பது அது. பார்த்த தடத்தை அழிப்பது, கதவைத் தாழிட்டோமா என்று யோசிப்பது எல்லாம் அதன் வேலை. வயது ஏற ஏற மூளையில் அதிகம் சுருங்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அதாவது, ஒளித்து வைக்கும் திறமை தளர்கிறது. ஒளித்து வைத்த பொருள் தளராமல் நிற்கிறது. அதுவரை மானத்தைக் காத்தது ஒழுக்கம் என்று அவரே நம்பியிருக்கலாம். பாதிக்குப் பாதி அது சாமர்த்தியம்.

இங்கே குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. பழைய பழக்கம் இப்போது வெளிப்பட்டதா, இல்லை புதிதாக வந்ததா? 2003-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான விவரம்: நாற்பது வயது ஆசிரியர் ஒருவருக்குத் திடீரென்று ஆபாசப் பித்தும் தகாத நடத்தையும் அளவு மீறிப் போயின. முன்மூளையின் அடிப்பகுதியில் கட்டி இருந்தது. கட்டியை எடுத்ததும் நடத்தை சரியானது. கட்டி திரும்ப வளர்ந்தபோது அதுவும் திரும்பி வந்தது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளும் சிலரிடம் இப்படிச் செய்யும். 2010-ல் வெளியான பெரிய ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தபோது, சுமார் 13.6 சதவீதம் பேருக்கு சூதாட்டம், செலவு, தீனி, காமம் இவற்றில் ஏதோ ஒன்று கட்டுக்கு அடங்காமல் இருந்தது. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயிலும் கூச்சம் திடீரென்று காணாமல் போகும். கையும் களவுமாகப் பிடிபட்டும் முகத்தில் வெட்கமே இல்லையென்றால், திட்டுவதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆபாசம் மூளையைத் தின்றுவிடும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2014-ல் பெர்லினில் 64 ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதிகம் பார்ப்பவர்களுக்கு ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதி சற்றுச் சிறிதாக இருந்தது. பார்த்ததால் சிறிதானதா, சிறிதாக இருந்ததால் அதிகம் பார்த்தார்களா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இருக்கிறது. ஆனால் ‘தப்பு செய்கிறேன்’ என்ற குற்ற உணர்வு மட்டுமே அதற்குப் போதாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

மனைவிக்கு வலிப்பது வேறு இடத்தில். வயதான ஆணுக்கு விறைப்பு குறையும்போது அதை அவளிடம் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். திரை எதுவும் கேட்காது, அதனால் அங்கே போகிறார். அவளோ தன் உடம்பு அவருக்குப் பிடிக்காமல் போனதாக நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் விலகிப் படுக்கிறாள். உண்மை வெளிவரும்போது படங்களைவிட அந்த வருடங்கள்தான் அவளை அதிகம் அழவைக்கும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு அங்கே முதலில் தெரியலாம், சில வருடம் கழித்துத்தான் நெஞ்சு வலிக்கும். கூச்சப்பட்டுத் திரைக்குள் ஒளிந்தவர் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே ஒளித்துவிடுகிறார்.

சரி, அந்த மகள் என்ன செய்யலாம்? பேத்தி அந்தப் போனைத் தொடாதபடி குழந்தைக்கு வேறு கருவி. அம்மாவிடம் சொல்வதற்கு முன் அப்பாவிடம் தனியாக ஒரு பேச்சு, பேத்தி பள்ளிக்குப் போன நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. “ராத்திரி தூக்கம் வரலையாப்பா?” என்று அதைத் தொடங்கலாம். அப்புறம், அவர் மருந்துப் பெட்டியை எடுத்து, சமீபத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது என்று பார்க்கலாம்.