13 டிகிரியில் எதிர் எடை

ராயபுரத்து மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு 13 டிகிரி மேலேதான் இருக்கும். எண்ணூர்ப் பக்கத்து வெளிச்சத்தில் பாதி நாள் கண்ணுக்கே படாது. வானத்தின் சுழற்சியைத் தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கிதான் ஈக்வடோரியல் மவுண்ட். அதன் ஆர்ஏ அச்சு (கிழக்கு-மேற்காகத் திருப்புவது) துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும் என்பதால், இங்கே அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். சிக்கல் அதில்தான். அச்சின் ஒரு பக்கம் ட்யூப் (தொலைநோக்கிக் குழாய்), மறுபக்கம் பார் என்ற கம்பியில் எதிர் எடை. அச்சு நிமிர்ந்து நின்றால் எடை கூடக்குறைய இருந்தாலும் சுழலாது. படுக்கப் படுக்கச் சுழற்றும். அச்சு முழுக்கப் படுத்திருந்தால் இழுப்பு 100 என்று வைத்தால், அதே பிழை லண்டனில் 62 சதவீத விசையோடு இழுக்கும், சென்னையில் 97.

ட்யூப் 6 கிலோ, அதன் எடைமையம் அச்சிலிருந்து 20 செ.மீ. என்று வையுங்கள். பெருக்கினால் 120. எதிரே 5 கிலோவை 24 செ.மீ.யில் வைக்கலாம், 8 கிலோவை 15 செ.மீ.யிலும் வைக்கலாம். (பாரின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.) எட்டு கிலோவே மேல். சுழற்றவும் நிறுத்தவும் எவ்வளவு கடினம் என்பதற்கு, எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: 2880 எங்கே, 1800 எங்கே! கடற்காற்று தட்டினாலும் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். நம் ஊரில் பார் கீழே தொங்கும்போது வடக்குப் பக்கம் சாய்வதால், எடை நுனியில் இருந்தால் முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கவும் செய்யும்.

கேமரா, ஃபைண்டர் (இலக்கைத் தேடும் சிறு தொலைநோக்கி) எல்லாம் மாட்டி, மூடியைக் கழற்றி, ஃபோகஸ் செய்த நிலையிலேயே சமன் பாருங்கள். பாரைக் கிடைமட்டமாக்கி ஆர்ஏவைப் பூட்டுங்கள். ட்யூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டெக் அச்சின் (வடக்கு-தெற்காகத் திருப்புவது) கிளட்சைத் தளர்த்தி, எந்த முனை இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் டவ்டெயிலில் (ட்யூபை மவுண்டில் பொருத்தும் பட்டை) நகர்த்துங்கள். பிறகு டெக்கைப் பூட்டி, ஆர்ஏவைத் தளர்த்தி, எதிர் எடையை நகர்த்துங்கள். அசையாமல் நின்றுவிட்டது என்று உடனே நம்பிவிடாதீர்கள். கிரீஸ் இறுகியிருந்தாலும் நிற்கும். விரலால் மேலே ஒரு தள்ளு, கீழே ஒரு தள்ளு: இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் கடைசியில் கிழக்குப் பக்கத்தை ஒரு பொட்டு கனமாக விடுவார்கள். எடையை அரை செ.மீ. நகர்த்தினால் போதும். மோட்டார் எப்போதும் தூக்கிக்கொண்டே இருப்பதால் பற்சக்கரங்கள் ஒரே பக்கமாக ஒட்டி ஓடும். உச்சி தாண்டி ட்யூப் பக்கம் மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.

மாட்டும்போது முதலில் எடை, பிறகு ட்யூப். கழற்றும்போது முதலில் ட்யூப். மாற்றிச் செய்தால் ட்யூப் சடாரென்று சுழன்று முக்காலியில் மோதும். பார் நுனியிலுள்ள திருகை மட்டும் கழற்றிப் போடாதீர்கள். உப்புக்காற்றில் எடையின் பிடிதிருகு துருவேறி வழுக்கினால், எட்டு கிலோ காலில் விழாமல் தடுப்பது அதுதான்.