பிரெட் பூஞ்சைக்கு இரும்பு கிடைத்தால்

மழைக்காலத்தில், பிரித்த பிரெட் பாக்கெட்டை நாலைந்து நாள் மறந்துவிட்டால் துண்டின் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் குட்டிக் குட்டிக் குண்டூசிகளை நட்டு வைத்ததுபோல் கறுப்புத் தலைகள் தெரியும். ஒவ்வொரு தலையும் ஒரு வித்துப்பை. பெரும்பாலும் இது ரைசோபஸ் என்ற பூஞ்சையாக இருக்கும். 2021-இல் 'கறுப்புப் பூஞ்சை' என்று ஊரே நடுங்கிய மியூகோர்மைகோசிஸ் நோயை அதிகம் உண்டாக்குவதும் இந்த இனம்தான். (வெங்காயத் தோலின் கறுப்புத் தூளைப் பார்த்தும் அப்போது பயந்தோம். அது வேறு பூஞ்சை.)

இதன் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் உண்டு. தினமும் மூக்கு வழியே உள்ளே இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. காரணம், வெள்ளை அணுக்கள் மட்டுமல்ல. பூஞ்சை வளர இரும்பு வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு இருந்தாலும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. வித்து பட்டினி கிடக்கும்.

சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போய் ரத்தத்தில் கீட்டோன்கள் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) சேரும்போது ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. அமிலம் கூடினால் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளரும். ரைசோபஸுக்கு வேண்டிய இரும்பு கிடைத்துவிடும். கோவிட் காலத்தில் உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து, ஒரு பக்கம் சர்க்கரையை ஏற்றியது, இன்னொரு பக்கம் வெள்ளை அணுக்களை மந்தமாக்கியது. 2021 மே மாதம் தமிழக அரசு மியூகோர்மைகோசிஸை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது.

இரும்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிக் கொடுத்தது ஒரு வேடிக்கையான விபரீதம். டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்கு, உடலில் மிகுந்துபோன இரும்பையும் அலுமினியத்தையும் வெளியேற்ற டெஃபெராக்சமின் என்ற மருந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு மியூகோர்மைகோசிஸ் வந்தது! மருந்து கவ்விய இரும்பை ரைசோபஸ் தட்டில் வைத்துக் கொடுத்த சோறாக எடுத்துக்கொண்டது.

சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது? பூஞ்சை இழைகளுக்கு அந்த நிறம் கிடையாது. மூக்கிலும் சைனஸிலும் வேர்விட்ட இழைகள் ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைக்கின்றன. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் எட்டாத சதை செத்துக் கறுத்துப்போகிறது. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மேல்பற்கள் ஆடுவது, அண்ணத்தில் கறுப்புத் திட்டு, பொருள்கள் இரட்டையாகத் தெரிவது எல்லாம் இதன் அடையாளங்கள். இப்படி இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

ஆம்போடெரிசின் மருந்து பூஞ்சையின் செல் உறையைக் குலைத்து அதைக் கொல்லும். ஆனால் மருந்தும் ரத்தத்தில்தான் போக வேண்டும், வழிதான் அடைபட்டுவிட்டதே. அதனால் செத்த சதையை அறுத்தெடுக்கிறார்கள், சிலருக்கு மேலண்ணத்தையும், சிலருக்கு ஒரு கண்ணையும். எதுவரை அறுப்பது? வெட்டிய இடத்தில் ரத்தம் கசியும்வரை.