ஏசி கேஸ் தீர்ந்துபோவதில்லை, ஒழுகிப்போகிறது

மார்ச் பிறந்தால் போதும், "சார், கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து கொஞ்சம் அடிச்சு விட்டுடுங்க" என்று தினமும் ஃபோன் வரும். கோவைப் பக்கம் தொழிற்சாலைகளில் ஏசி, சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் பெரிய மெஷின்) சர்வீஸ் பார்ப்பது என் தொழில். ஃபோன் செய்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டிக்குப் போடும் பெட்ரோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்திருக்கிறது என்றால், எங்கோ ஒழுகிக் காற்றில் கலந்துவிட்டது என்று பொருள்.

பழைய இயந்திரங்கள் பலவற்றில் இன்னும் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். அதில் குளோரின் இருக்கிறது. வெளியேறும் கேஸில் ஒரு பகுதி மேலே ஓசோன் படலம் வரை போய், புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது. அப்படிப் பிரியும் ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடியது. அதற்கு முன் ஏசி, ஃபிரிட்ஜ்களில் இருந்த சி.எஃப்.சி. வாயுக்களோடு ஒப்பிட்டால் ஆர்-22 ஓசோனுக்குச் செய்யும் கேடு இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் 1 கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1.8 டன் கார்பன் டைஆக்சைடு விட்டதற்குச் சமமாகப் பூமி சூடாகும்.

ஒரு நூற்பாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருட பில்களைக் கேட்டு வாங்கி, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து கூட்டினேன். அந்த மெஷின் மொத்தமாகக் கொள்ளும் கேஸைவிட அதிகமாக வாங்கியிருந்தார்கள். அவர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் மாடிக்குப் போய் வெளி யூனிட்டைத் திறந்தோம். குழாய் இணைப்பை இறுக்கும் ஒரு ஃபிளேர் நட்டைச் சுற்றி மட்டும் கறுப்பாகப் பிசுக்கு. கேஸோடு சேர்ந்து கசிந்த கம்ப்ரசர் எண்ணெயில் பஞ்சுத் தூசி ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. மீதமிருந்த கேஸை ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மிளகு அளவில் ஒரு குமிழி மெல்ல ஊதி எழுந்தது. மூன்று வருடம் கேஸ் போன வழி அதுதான். குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து (அதுதான் ஃபிளேர்), நட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. (நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றிச் சோதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.)

இப்போது நான் போகும் இடங்களில் எல்லாம் ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன். தேதி, மெஷின் எண், எத்தனை கிலோ ஏற்றினோம், எத்தனை கிலோ எடுத்தோம், ஒழுகல் எங்கே இருந்தது. தராசில் நிறுத்துத்தான் எழுத வேண்டும், கண்ணளவு கூடாது. 40 கிலோ கொள்ளும் சில்லருக்கு ஒரு வருடத்தில் 10 கிலோ ஏற்றியிருந்தால் கால் பங்கு காற்றில் போயிருக்கிறது என்று நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்குப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குச் சீனாவில் நடந்ததே சாட்சி. சி.எஃப்.சி. வாயுக்களில் ஒன்றான சி.எஃப்.சி.-11-இன் உற்பத்தி 2010-இலேயே உலகம் முழுக்க நிறுத்தப்பட்டிருக்க வேண்டியது. ஆனால் 2012-க்குப் பிறகு வளிமண்டலத்தில் அது குறையும் வேகம் மந்தமானதை 2018-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தென் கொரியாவின் ஜேஜு தீவில் உள்ள கோசான், ஜப்பானின் ஹதெருமா ஆகிய நிலையங்களின் அளவீடுகளை வைத்து, ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதலாக வெளியேறுவதாக 2019-இல் கண்டுபிடித்தார்கள். வெப்பம் கடக்காமல் தடுக்கும் காப்பு நுரை தயாரிப்புக்காக அதைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியதே பெரும்பாலும் காரணம். கண்டுபிடித்த பிறகு அந்த அளவு சரிந்தது. கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருந்த கருவிதான் பிடித்துக்கொடுத்தது. நம் ஊர் ஆலை மாடியில் ஒழுகும் ஒரு நட்டை அப்படி யாரும் பிடித்துத் தரமாட்டார்கள்.

ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்மைப் போன்ற வளரும் நாடுகள் ஆர்-22 உள்ளிட்ட எச்.சி.எஃப்.சி. வகை வாயுக்களின் பயன்பாட்டை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். 2030-க்குப் பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் 2040 வரை சிறிதளவு கிடைக்கும். அதனால் இன்று ஒழுகவிடும் கேஸ் நாளை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். சரி, மலிவாக இருக்கிறதே என்று ஆர்-22 மெஷினில் புரொப்பேன் ஏற்றித் தருவதாக யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். தீப்பிடிக்கும் கேஸுக்காக அந்த மெஷின் செய்யப்படவில்லை.

பழைய ஏசியைக் கழற்றும்போதுதான் ஒரே மூச்சில் அதிக கேஸ் வீணாகிறது. பழைய இரும்பு எடுப்பவர் காப்பருக்காகக் குழாயை வெட்டுவார், ஒரு சீறல் கேட்கும், அவ்வளவுதான். அவரைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எடுத்த கேஸ் எத்தனை கிலோ என்று உங்கள் கண்முன்னே நிறுத்துக் காட்டச் சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.