கிரிண்டடிராப்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிரிண்டடிராப் என்பது வட அட்லாண்டிக்கில், டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் பரோயே தீவுகளின் சொல். ‘கிரிண்ட்’ என்றால் பைலட் திமிங்கிலக் கூட்டம். அதன் இறைச்சிக்கும் அதே பெயர்தான். ‘டிராப்’ என்றால் கொல்லுதல்.

கூட்டம் கண்ணில் பட்டதும் ஊருக்குச் சேதி போகும். படகுகள் அரைவட்டமாக வளைத்து, அனுமதி பெற்ற விரிகுடா ஒன்றுக்குள் அதை ஓட்டும். கரையில் காத்திருப்பவர்கள் இறங்கி, மூச்சுத்துளையில் கொக்கி மாட்டி இழுத்து, ‘மோனுஸ்திங்காரி’ என்ற ஈட்டியால் தண்டுவடத்தை அறுப்பார்கள். 2015 முதல் இதற்குப் பயிற்சிச் சான்று கட்டாயம். இறைச்சியும் கொழுப்பும் ஊராருக்குள் பங்கு போடப்படும். பிடித்த எண்ணிக்கை 1584 முதல் பதிவாகி வந்திருக்கிறது.

காய்கறி அதிகம் விளையாத தீவில் இது காலங்காலமாக வந்த உணவு, கடையில் வாங்கும் இறைச்சியைவிட இது எந்த விதத்தில் கொடியது என்பது தீவுக்காரர்களின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த இறைச்சிக்கு எதிரான மிக வலுவான குரல் வெளியூர்ப் போராளிகளிடமிருந்து வந்ததல்ல, தீவுக்குள்ளிருந்தே வந்தது. தாய் உண்ட இந்த இறைச்சியிலிருக்கும் பாதரசத்துக்குக் கருவிலேயே ஆளான பரோயே குழந்தைகளுக்கு நினைவாற்றல், கவனம், மொழித்திறன் குறைவதை பால் வைஹே போன்ற மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து காட்டினார்கள். 2008-இல் அவரும் தலைமை மருத்துவ அதிகாரி ஹோக்னி டெபெஸ் யோன்சனும், பைலட் திமிங்கிலத்தை இனி மனிதர் உண்ண வேண்டாம் என்றே பரிந்துரைத்தார்கள். சொந்த ஊரின் பாரம்பரியத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

டால்பின்களையும் இதே முறையில் பிடிப்பதுண்டு. 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 1,428 டால்பின்கள் கொல்லப்பட்டபோது தீவுக்காரர்களில் பலரே அதிர்ந்து போனார்கள். அடுத்த ஆண்டு அரசு, டால்பின்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 500 என்று தற்காலிக வரம்பு வைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘திமிங்கிலத் திருவிழா’ என்று எழுதுவது தவறு. இதற்கு நாள் குறிப்பதில்லை. கூட்டம் எப்போது வருகிறதோ அப்போதுதான். ‘திமிங்கில வேட்டை’ என்றால் நடுக்கடலில் எறியீட்டி வீசும் கப்பல்தான் மனதில் வரும். ஆடு மாடுகளை மடக்குவது என்கிறோமே, அந்தச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. பைலட் திமிங்கிலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. 2016 ஜனவரியில் மணப்பாடு அருகே 80-க்கும் மேற்பட்டவை கரை ஒதுங்கியபோது, மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டவற்றில் பலவும் திரும்பி வந்தன. பரோயே படகுகளின் வேலையை எளிதாக்குவதும் இந்த ஒட்டுதல்தான்.

ஆகவே என் பரிந்துரை ‘கரைமடக்குக் கொலை’. ஜப்பானின் தாய்ஜியில் நடப்பதும் இதே மடக்குதான். ஆனால் அங்கே சில டால்பின்களை உயிரோடு பிடித்துக் காட்சியகங்களுக்கு விற்கிறார்கள், அதனால் அதைக் ‘கரைமடக்கு வேட்டை’ என்று சொல்வதே சரி.