முதல் தவணைக்கு முந்தைய ஓராண்டு

“நாங்கள் வாங்கியது நான்கு லட்சம்தானே சார்?”

வங்கியில் கல்விக் கடன் மேசையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் அப்பா. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த அனுமதிக் கடிதத்தை, மடிப்புகளில் நைந்துபோன அந்தத் தாளை, பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி மேசை மேல் விரிப்பார். அதில் இருக்கும் தொகை ஒன்று, என் கணினித் திரையில் இருக்கும் தொகை வேறு.

கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். நான்கு ஆண்டுப் படிப்பு. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். விடுப்பு தவணைக்கு மட்டும்தான். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், கூட்டு வட்டி இல்லை. அப்படியும் முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். விடுப்பு முடிந்ததும் இது அசலோடு சேர்ந்துகொள்கிறது. தவணை கணக்கிடப்படுவது 5,40,000 ரூபாய்க்கு.

பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். நான்கு லட்சம் என்று மனதில் வைத்திருந்தவர் எதிர்பார்த்ததோ 5,290. முதல் சம்பளக்காரருக்கு இந்த 1,850 ரூபாய் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் படிப்புக்குப் பிந்தைய ஓராண்டை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். அந்த ஆண்டில் நம் எடுத்துக்காட்டுக் கடனுக்கு மாதம் சுமார் 3,330 ரூபாய் வட்டி சேர்கிறது. வேலை கிடைத்த மாதத்திலிருந்து அதை மட்டுமாவது கட்டிவந்தால், ஆண்டு முழுவதும் கட்டியவருக்கு 40,000 ரூபாய் அசலில் ஏறாது. தவணையும் 6,600 அளவுக்கு இறங்கிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கும் பழக்கம், தவணை தொடங்குவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். படிப்புக் காலத்திலிருந்தே வட்டியைத் தொடர்ந்து கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகை தர மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாட்டுக்குள்ளேயே தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தவர்களுக்கு, இந்த விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. தகுதி இருந்து விண்ணப்பித்திருந்தால், அந்த மானியம் உண்மையில் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட் எடுத்து ஆண்டுவாரியாகப் பாருங்கள். தவணை தொடங்கிய பிறகு அதைத் தேடி அலைவது பெரும்பாடு.

பணத்தைவிட அதிகமாக ஆட்களைக் கவிழ்த்தது, என் அனுபவத்தில், தொலைபேசி எண். ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான், சிம் கார்டை மாற்றினான், சம்பளம் வேறொரு வங்கியில் விழுந்தது. எங்கள் குறுஞ்செய்திகள் உயிரில்லாத எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடிதங்கள் பழைய வாடகை வீட்டுக்கு. ஆறு மாதம் கழித்து அவனுடைய அப்பா, தங்கையின் கல்விக் கடனுக்காக என் மேசைக்கு வந்தார். அவருடைய சிபில் அறிக்கையை, அதாவது கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையை, எடுத்துப் பார்த்தால் மகனின் கடன் வாராக்கடனாக நிற்கிறது. அவர்தான் இணைக் கடன்தாரர். கையெழுத்துப் போட்டது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்று மாலை மகனிடம் பேசினேன். “பேங்கிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இருந்தேன் சார்” என்றான். கட்டக்கூடாது என்ற எண்ணமே அவனுக்கு இல்லை, அதுதான் வேதனை. சம்பளமும் போதுமான அளவு வந்துகொண்டிருந்தது.

தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன்பிறகு கிளை மேலாளரின் கை பாதி கட்டப்பட்டுவிடும். அதற்கு முன்னால் வந்தால் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டிக்கலாம். வேலை கிடைக்காத அல்லது பறிபோன காலத்துக்கு மறுபடி விடுப்புக் கேட்கலாம். கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை வரை அதை அனுமதிக்க மாதிரித் திட்டமே வழி வைத்திருக்கிறது. முடிவு வங்கியுடையது, ஆனால் கேட்க வேண்டியது நீங்கள். எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்ததற்கு எந்தப் பதிவும் இருக்காது.

காலத்தை நீட்டிப்பது இலவசம் இல்லை. மேலே சொன்ன 5,40,000 ரூபாய்க்கு 15 ஆண்டு என்றால் தவணை 5,800 ரூபாயாகக் குறையும். மொத்தமாகக் கட்டுவதோ ஏறத்தாழ 1.88 லட்சம் கூடும். நான் சொல்வது இதுதான்: சம்பளம் குறைவான தொடக்கத்தில் நீண்ட காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், போனஸோ சம்பள உயர்வோ வரும்போது அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். கல்விக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு மாதிரித் திட்டத்தில் அபராதம் கிடையாது.

தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் வைத்துக்கொள்வது சின்ன வேலை. பணம் போதாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினால் இரண்டு வங்கியிலும் கட்டணம் விழும். வரிச் சலுகையையும் பார்த்துவிடுங்கள்: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80இ (80E) பிரிவு என்ற பெயரில் பழகிய வரிக் கழிவு, வட்டிக்கு மட்டும், அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்கு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே கிடைக்கும்.

“தேர்தல் வருகிறது, தள்ளுபடி ஆகிவிடும்” என்று தவணையை நிறுத்திவைத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்தால் மகிழ்ச்சி. வராத ஒவ்வொரு மாதமும் மகனின் பெயரிலும் அப்பாவின் பெயரிலும் நிலுவையாகப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

முற்றிப்போன கடன்களுக்குச் சில சமயம் ஒரே தவணையில் குறைத்து முடித்துக்கொள்ளும் வாய்ப்பை வங்கியே தரும். சலுகைதான். ஆனால் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்டு உட்காரும்போது, எதிரே இருக்கும் அதிகாரி முதலில் விரல் வைப்பது அந்த ஒரு சொல்லின் மேல்தான். முழுதாக அடைத்தவர்களும், நிலுவையில்லாச் சான்றை வாங்கிய இரண்டு மாதம் கழித்து அறிக்கையை ஒருமுறை எடுத்து, எந்தச் சொல் இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள்.