தங்கம் ஏன் மஞ்சள்?

சிங்கப்பூரின் தேக்காவில் நகை வாங்கப் போகிறவர்கள் விலைப் பலகையைப் பார்ப்பார்கள், செய்கூலி பேசுவார்கள். தங்கம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான். இரும்பு, அலுமினியம், ஈயம், வெள்ளி, பிளாட்டினம் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலான உலோகங்கள் வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் இருக்கின்றன. செம்பையும் தங்கத்தையும் விட்டால், பளிச்சென்று நிறம் காட்டும் உலோகத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இன்னொரு புதிரும் உண்டு. வெள்ளிக் கொலுசு கொஞ்ச நாளில் கறுத்துப்போகிறது. காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகிறது. ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. செம்பும் மங்கும், பச்சை பிடிக்கும். பாட்டி போட்டிருந்த தங்கச் சங்கிலி மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனைக்கும் தனிம அட்டவணையில் இந்த மூன்றும் ஒரே நெடுவரிசை. 11ஆம் தொகுதியில் மேலே செம்பு (29), அடுத்து வெள்ளி (47), அதற்குக் கீழே தங்கம் (79).

அந்த எண்கள் அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. மெண்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டபோது புரோட்டானும் தெரியாது, எலக்ட்ரானும் தெரியாது; அணு எடையையும் குணத்தையும் வைத்தே அடுக்கினார். அணுக்கருவின் மின்னேற்றம்தான் ஒரு தனிமத்தின் இடத்தை முடிவு செய்கிறது என்பதை 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டியவர் மோஸ்லி. தூண்டினால் ஒவ்வொரு தனிமமும் தன் எண்ணுக்கு ஏற்ற ஆற்றலில் எக்ஸ் கதிரை வெளிவிடும். இன்று பல நகைக் கடைகளில் உரைகல்லும் அமிலமும் இல்லாமலே தரம் சொல்லும் கருவி இதைத்தான் பயன்படுத்துகிறது.

சரி, ஒரே நெடுவரிசை என்றால் என்ன ஒற்றுமை? மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். உலோகத்தில் அந்த எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகின்றன. இதுதான் உலோகப் பிணைப்பு. இது குறிப்பிட்ட இரண்டு அணுக்களுக்கு இடையே மட்டும் போட்ட முடிச்சு இல்லை என்பதால், அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவினாலும் பிணைப்பு அறுவதில்லை. ஒரு கிராம் தங்கத்தை ஒரு சதுர மீட்டர் தகடாக அடிக்க முடிவது அதனால்தான். நகைக்கு அந்த மென்மை உதவாது. ஆகவே 24 பங்கில் 2 பங்கு வேறு உலோகம் சேர்க்கிறார்கள். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.916 சொச்சம், 916 என்ற முத்திரை அங்கிருந்து வருகிறது. கடினமாக்கும் வேலையைப் பெரும்பாலும் செம்புதான் செய்கிறது. அதன் அணு சிறியது, அதனால் அடுக்குகள் சுலபமாக நழுவாதபடி இடையில் தடங்கலாகிறது. வெள்ளி அணுவோ கிட்டத்தட்டத் தங்க அணுவின் அளவேதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தங்கம் ஒரு வரிசை கீழே இருக்கிறது, அதற்கு ஒரு கூடு அதிகம், ஆனாலும் பருக்கவில்லை. அட்டவணையில் கீழே போகப் போக அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரானின் பிடி தளரும் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். முதல் தொகுதியில் மேலே இருக்கும் லித்தியத்தில் அதைப் பிடுங்க 5.4 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலின் அலகு) வேண்டும், கீழே இருக்கும் சீசியத்தில் 3.9 போதும். செம்புக்கு 7.7, வெள்ளிக்கு 7.6. தங்கத்துக்கோ 9.2!

தங்கத்துக்கு முந்தைய தனிமங்களில் நிரம்பும், 4எஃப் என்ற உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று ஐன்ஸ்டீனின் சார்பியல். 79 புரோட்டான்களின் இழுப்பில், மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 58 சதவீதம். அந்த வேகத்தில் சார்பியல் விளைவு புறக்கணிக்கத்தக்கதல்ல. எலக்ட்ரான் கனத்ததுபோல் நடந்துகொள்கிறது, அதன் கூடு சுருங்குகிறது. வெளியே இருக்கும் 6எஸ் எலக்ட்ரானும் அணுக்கருவின் பக்கத்தில் போய்வருவதால் அதுவும் சுருங்கி இறுக்கமாகிறது. அதற்கு அடுத்து உள்ளே இருக்கும் 5டி கூடு மட்டும் கொஞ்சம் விரிந்து, ஆற்றலில் மேலே வருகிறது. சாதாரண வேதியியலில் சார்பியலுக்கு வேலையே இல்லை என்று 1929இல் எழுதியவர், சார்பியலையும் எலக்ட்ரானையும் இணைத்த இயற்பியலாளர் டிராக்கேதான்!

இரண்டு புதிருக்கும் விடை இதில் இருக்கிறது. 5டி மேலே வர, 6எஸ் கீழே இறங்க, நடுவில் இடைவெளி குறைகிறது. ஒளியை உறிஞ்சும் எலக்ட்ரான் அந்த இடைவெளியைத் தாண்டித் தாவும். வெள்ளியில் அந்தத் தாவலுக்குப் புற ஊதா ஒளி தேவை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன, வெள்ளி வெள்ளையாகத் தெரிகிறது. தங்கத்தில் சுமார் 2.4 எலக்ட்ரான்வோல்ட் போதும், நீல ஒளிக்கு அதைவிட அதிக ஆற்றல் உண்டு. நீலம் உறிஞ்சப்பட்டால் மிச்சம் மஞ்சள். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க மனமில்லாத அணுவிடம் ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் பெரிதாக வேலையில்லை. அதனால்தான் கறுப்பதும் இல்லை.

விட்டுக்கொடுக்காதது மட்டுமா, வாங்கியும் கொள்ளும். சீசியத்தோடு சேர்த்தால், அதன் தளர்ந்த எலக்ட்ரானைத் தங்கம் பறித்துக்கொண்டு எதிர்மின் அயனியாகிவிடுகிறது. உப்பில் குளோரின் செய்யும் அதே வேலை. சீசியம் ஆரைடு என்ற அந்தச் சேர்மம் உலோகம்போல் மின்னாது, அயனிப் பிணைப்பு கொண்ட குறைகடத்தி. உலோகம் என்றால் எலக்ட்ரானைக் கொடுக்கும் என்று மனப்பாடம் செய்த மாணவர்கள் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரான பாதரசத்திலும் (80) இதே கதைதான். அதில் 6எஸ் கூடு இரண்டு எலக்ட்ரான்களோடு நிரம்பிச் சுருங்கிவிட்டதால், அணுக்கள் ஒன்றையொன்று பலமாகப் பிடித்துக்கொள்வதில்லை. மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. சார்பியலை நீக்கிக் கணக்கிட்டால் உருகுநிலை இப்போது இருப்பதைவிட நூறு டிகிரிக்கும் அதிகமாக உயரும் என்று 2013இல் கணினிக் கணக்கீடு ஒன்று காட்டியது. அப்படி இருந்திருந்தால் பழைய காய்ச்சல் தெர்மாமீட்டருக்குள் பாதரசம் கட்டியாகத்தான் கிடந்திருக்கும்.