சிறுநீரகத்தில் நீர்க்கட்டியா? ரிப்போர்ட்டின் மற்ற வரிகளையும் படியுங்கள்

மாஸ்டர் செக்கப் முடித்து வருகிறவர்களில் பலர், ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். 'வலது சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி.' "ஏனுங்க டாக்டர், இது கேன்சரா மாறுமுங்களா? ஆபரேஷன் பண்ணோணுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டும் இருக்கும் சாதாரணக் கட்டி, வயது ஏற ஏற வருவது; ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். தொந்தரவு இல்லையென்றால் மருந்தே தேவையில்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தாலும் இது கரையாது. சுவர் தடித்திருந்தால், உள்ளே தடுப்புகளோ சதையோ தெரிந்தால், விஷயம் வேறு. அப்போது சி.டி. எடுத்து, கட்டி எந்த அளவுக்குச் சந்தேகப்பட வேண்டியது என்று வகைப்படுத்தும் போஸ்னியாக் முறைப்படி தரம் பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களிலும் நிறையக் கட்டிகள் இருந்து, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுநீரகம் செயலிழந்த வரலாறும் இருந்தால், அது பரம்பரை நோயாக இருக்கலாம். கட்டாயம் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, கோடு போடாத வரிக்கு வருவோம். அதே ரிப்போர்ட்டில் மேலே 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருக்கும்; கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாருக்கும் இருப்பதுதானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

ஃபேட்டி லிவரோடு பெரும்பாலும் கூடவே வருபவை ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, ரத்தத்தில் கூடுதல் கொழுப்பு. இவை சேர்ந்திருப்பவர்களிடம் சிறுநீரகக் கட்டியும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கட்டி தெரிந்த அன்றே மற்றவற்றையும் அளந்துவிடுவது நல்லது.

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் ஒருவரிடம் இடுப்பளவு கேட்டேன். "பேண்ட் சைஸ் 34தானுங்க" என்றார். பெல்ட்டை அவர் தொப்பைக்குக் கீழே கட்டியிருந்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்தால் 98 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ரத்த அழுத்தம் 142/90. கட்டியைப் பற்றிக் கேட்க வந்தவருக்குச் சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுக்கக்கூடியவை இவைதான்.

அவருக்கு இன்னொரு பரிசோதனையும் எழுதிக்கொடுத்தேன்: சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்று இது காட்டும். இது 30ஐ (மி.கி./கிராம்) தாண்டி, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு முன்பே சிறுநீரகம் பாதிக்கப்படுவது தெரிந்துவிடும். செக்கப் பேக்கேஜில் பெரும்பாலும் இது இருக்காது, கேட்டு எடுங்கள்.

எடை குறைந்தால் கட்டி மறைந்துவிடாது. அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஐந்து, ஆறு கிலோ குறைந்தாலே அழுத்தமும் சர்க்கரையும் நன்றாக இறங்குவதைப் பார்க்கிறேன். ஷிப்டில் குடிக்கும் டீயெல்லாம் சர்க்கரை இல்லாமல் இருக்கட்டும். அரிசியும் பருப்பும் சாதத்தை விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்துக் கீரையையும் பொரியலையும் கூட்டுங்கள். அப்புறம், நாள் முழுக்க நின்ற கால்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினமும் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; அதை இன்றே நிறுத்திவிட்டு, வலிக்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.